பிள்ளைகளோடு தத்துவ வட்டம்: 45 நிமிடம் நடத்துவது எப்படி?

ஒரு கேள்வியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லிச் சேர்ந்து விவாதிப்பதுதான் தத்துவ வட்டம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், வட்டமாக உட்கார இடம், ஒரு கரும்பலகை போதும். அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியர் மேத்யூ லிப்மன் 1970-களில் வளர்த்தெடுத்த முறை இது.

முதலில் சிறு கதை. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தது பொருத்தமாக இருக்கும். அடுத்த ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கேள்வி எழுதட்டும். எல்லாவற்றையும் பலகையில் ஏற்றி, கை தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "பாரி எந்த மலையை ஆண்டான்?" என்பது அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். "கேட்காத கொடிக்குக் கொடுத்தால் அது உதவியா?" என்றால் அரை மணி ஓடும்.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டுதான்: ஏன்? எப்போதுமே அப்படியா? "கேட்காததால் அது உதவியில்லை" என்று ஒருத்தி சொன்னால், "தூங்குகிற தம்பிக்குப் போர்வை போர்த்தினால்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்குத்தான் கஷ்டம்.

"சபாஷ்" சொல்லாதீர்கள், மற்றவர்களும் அதே பதிலைத் திருப்பிச் சொல்வார்கள். ஓரிருவரே பேசினால், ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் போட வையுங்கள். "அவரவர் கருத்து அவரவருக்கு" என்று யாராவது முடித்துவைத்தால், காரணம் கேட்டுத் திரும்பத் திறங்கள்.

மதிப்பெண் கூடுமென்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் இந்த முறை பற்றி 2015-ல் வெளியான ஆய்வு வாசிப்பில் சுமார் இரண்டு மாத முன்னேற்றம் காட்டியது. 2021-ல் வந்த பெரிய ஆய்வில் அது தென்படவில்லை. யார் காரணம் சொல்லித் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதை நோட்டில் குறித்து வாருங்கள்.