வாட்கின்ஸ் க்ளென்ல ஆர்வி: நாங்க சொதப்பின மாதிரி சொதப்பாதீங்க

ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்போட இருக்கற வீட்டு வண்டி, எடுத்துட்டு போறவங்க பண்ற முதல் தப்பே அதை கார்னு நினைக்கிறதுதான். நாங்களும் அப்படித்தான், நியூயார்க் ஸ்டேட்ல செனெகா ஏரியோட தெற்கு முனையில இருக்கற வாட்கின்ஸ் க்ளென்னுக்கு போனோம், குட்டி ஊரு, கடைத்தெருன்னா ஃப்ராங்க்ளின் ஸ்ட்ரீட்தான், காபி குடிச்சிட்டு வண்டியோடயே ஒரு ரவுண்டு அடிக்கலாம்னு 28 அடி வண்டிய உள்ள விட்டா பார்க்கிங்கே இல்ல, ரைட்ல ஒடிச்சா வண்டியோட வாலு லெஃப்ட்ல நிக்கற கார் மேல வீசப் பாக்குது, பின்னாடி வேற ஹாரன். உள்ள என்னடான்னா மூடி லாக் பண்ணாத ஷெல்ஃப்லேருந்து புளி டப்பா உருண்டு வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உடைஞ்சு கிடக்கு. இத்தனைக்கும் ஸ்டேட் பார்க் கேம்ப்கிரவுண்ட்லேருந்து அருவிங்க இருக்கற பள்ளத்தாக்குக்கு நடந்தே இறங்கலாம்! வீட்ட ஒரு இடத்துல நிறுத்துங்க, அன்னிக்கு பூரா அது அங்கயே இருக்கட்டும், நீங்க நடங்க.

அடுத்தது செருப்பு. பழனி படியே ஏறியாச்சு இதென்ன பெருசுன்னு ஹவாய் செருப்போட கிளம்பிடாதீங்க, பள்ளத்தாக்குக்குள்ள போற கார்ஜ் டிரெயில்ங்கற நடைபாதையில 832 கல்படி, ரெண்டு மைலுக்குள்ள 19 அருவி, கேவர்ன் கேஸ்கேட்ங்கற அருவிக்குப் பின்னாடியே நுழைஞ்சு போகணும், படி எப்பவும் ஈரம். நாய்க்கு அந்தப் பாதையில அனுமதி கிடையாது, அதையும் கூட்டிட்டு வந்துட்டு வாசல்ல முழிக்கறவங்கள பாத்தேன். குளிர்காலத்துல அந்தப் பாதையவே மூடிடுவாங்க.

கரண்ட் விஷயம். அந்த கேம்ப்கிரவுண்ட்ல முக்கால்வாசி சைட்டுக்கு (வண்டி நிறுத்தற இடத்துக்கு) கரண்டே கிடையாது, அதனால புக் பண்றப்பவே எலக்ட்ரிக் சைட்டான்னு பாருங்க. கிடைச்சாலும் 30 ஆம்ப்னா மொத்தமே 3600 வாட்தான். ஏசி ஓடுது, வாட்டர் ஹீட்டர் ஓடுது, அதுல இண்டக்‌ஷன்ல சாம்பார் வெச்சா பிரேக்கர் ட்ரிப் ஆகி கரண்ட் போயிடும், எங்களுக்கு ரெண்டு தடவ ஆச்சு, அப்புறம் கேஸ்லயே சமைச்சோம்.

நியூஜெர்சிலேருந்து விறகு ஏத்திட்டு போற ஆளா நீங்க? பதப்படுத்தாத விறக வெளி ஸ்டேட்லேருந்து கொண்டு வரவே கூடாது, ஸ்டேட்டுக்குள்ளயே கூட 50 மைலுக்கு மேல கொண்டு போகக்கூடாதுன்னு நியூயார்க் ரூல், பூச்சி பரவும்ங்கறதால. போற இடத்துலயே வாங்கிக்கோங்க.

ஆனிங்க, அதான் வண்டிப் பக்கத்துல நிழலுக்கு விரிக்கற துணிய, விரிச்சு வெச்சிட்டு ஊர் சுத்தப் போகவே போகாதீங்க. ஏரி வடக்கு தெற்கா 38 மைல் நீளம், அந்த நீளத்துக்கும் காத்து ஒரே மூச்சா ஓடி வரும், பக்கத்து சைட்காரரோட ஆனிங் கம்பி வளைஞ்சு வண்டிக் கூரை மேல கவுந்து கிடந்தத நாங்க சாயங்காலம் வந்து பாத்தோம், பாவம் மனுஷன் ஏணி தேடிட்டிருந்தார்.

தேதியும் பாத்துக்கோங்க. 1948ல ஊர்த்தெருவுலயே கார் ரேஸ் விட்ட ஊரு இது, இப்போ டிராக் ஊருக்கு வெளிய இருக்கு, ஆனா பெரிய ரேஸ் வீக்கெண்ட்ல இடம் கிடைக்கறது குதிரைக்கொம்பு.

மத்தியானத்துக்கு மேல ஒரு பிளானும் போடாதீங்க. இன்னும் ரெண்டு ஒயினரி, இன்னொரு அருவின்னு அடுக்கித்தான் நாங்க முதல் நாள கெடுத்துக்கிட்டோம். ரெண்டாம் நாள் புளியோதரைய டப்பால கட்டிட்டு ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற நடைமேடையில போய் உக்காந்தோம். ஏரி 618 அடி ஆழம், ஜூன்ல கூட தண்ணி ஜில்லுன்னு இருக்கு, எம் பையன் ஒரு விரல விட்டுட்டு சட்டுனு எடுத்தவன் அப்புறம் அந்தப் பக்கமே போகல.