வீடியோ கால்ல சரக்கு பாஸ் பண்றீங்களா? போன் புடிக்கிறவன் சொல்றத கொஞ்சம் கேளுங்க

திருப்பூர்ல பனியன் கம்பெனிகள்ல ஃபைனல் செக்கிங் பாக்கறதுதான் என் பொழப்பு. முன்னெல்லாம் பையரோட, அதாவது சரக்கு வாங்கறவரோட ஆள் கோயமுத்தூர் ஏர்போர்ட்ல எறங்குவாரு, கம்பெனி கார் போகும், ரெண்டு நாள் தங்கி பெட்டிய பிரிச்சு பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டு போவாரு. 2020ல கொரோனா வந்து பிளைட் எல்லாம் நின்னப்ப "போன்ல காட்டுங்க பாத்துக்கலாம்"னு ஆரம்பிச்சது, அப்படியே பழகிப்போச்சு. இப்ப லண்டன்லயும் டொரண்டோலயும் சின்னதா பிராண்ட் வச்சிருக்கற நம்ம ஆளுங்களே நிறைய பேரு கம்பெனி கேட்டைக்கூட பாத்தது இல்ல, எல்லாம் வீடியோ கால்தான். அந்த கால்ல இந்தப் பக்கம் போன புடிச்சுட்டு நிக்கறவன் நான். எங்க கோட்டை விடறீங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

முதல் தப்பு, பெட்டிய எங்கள எடுக்க விடறது. 4,000 பீஸ் ஆர்டர், பெட்டிக்கு 40, மொத்தம் 100 பெட்டின்னு வைங்க. நீங்க "ஒரு பத்து பெட்டி காட்டுங்க"ன்னு சொன்னா கைக்கு எட்டுற பத்து பெட்டிதான் வரும். அது கெட்ட எண்ணம்னு இல்ல, அடியில இருக்கறத எடுக்கணும்னா மேல இருக்கற ஏழு பெட்டிய ரெண்டு பேரு எறக்கணும், எறக்குனா திரும்ப ஏத்தணும், யாருக்கு வேணும் அந்த வேலை. ஆனா கெட்ட எண்ணம் இருக்கற எடத்துல அந்த பத்து பெட்டி முந்தாநாளே ரெடியா இருக்கும். அதனால பேக்கிங் லிஸ்ட கையில வச்சுக்கிட்டு, கால் ஆரம்பிச்ச பிறகு நம்பர் சொல்லுங்க. 7, 23, 41, 88ன்னு. டொரண்டோல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் எங்க பையர், அவரு எடுத்த எடுப்புலயே "தம்பி, பின்னுக்கு சுவரோட கிடக்கிற பெட்டிய எடுத்துக் காட்டுங்கோ"ம்பாரு. அவர் கால்னா ஸ்டோர்காரங்களுக்கு வேர்க்கும். பெட்டிய எடுக்கப் போற நேரத்துல சொல்லி வச்ச மாதிரி நெட் போகும் பாருங்க, திரும்ப லைன் வந்ததும் அதே பெட்டிதானான்னு நம்பரையும் டேப்பையும் காட்டச் சொல்லுங்க. ஒட்டின டேப் மேல கால்லயே ஒரு வார்த்தை சொல்லி மார்க்கர்ல எழுத வைக்கலாம், காசா பணமா.

எத்தன பீஸ் பாக்கணும்ங்கறதுலயும் மனம்போன போக்குதான். இருபது பீஸ் பாத்துட்டு "சூப்பர், அனுப்பிடுங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. இதுக்கு ஐஎஸ்ஓ 2859ன்னு ஒரு டேபிள் இருக்கு, இதோட வேரு ரெண்டாம் உலகப்போர் காலத்துல அமெரிக்க ராணுவம் தளவாடம் வாங்கறதுக்கு போட்ட கணக்குல இருக்கு. சாதாரண லெவல்ல 4,000 பீஸுக்கு 200 பீஸ் எடுக்கணும். பெரிய குறைக்கு ஏ.க்யூ.எல், அதாவது எவ்வளவு குறை வரைக்கும் ஒத்துக்கலாம்ங்கற அளவு, 2.5 வச்சா 10 பீஸ் வரைக்கும் பாஸ், 11 ஆனா ஃபெயில். சின்ன குறைக்கு 4.0 வச்சா 14 வரைக்கும் பாஸ். இத ஆர்டர் போடறப்பவே எழுதி வச்சுக்கணும், பிசிறு வெட்டாதது சின்ன குறையா, தையல் விட்டது பெரிய குறையான்னு எல்லாத்தையும். கால்ல உக்காந்துக்கிட்டு பேரம் பேசுனா போன் புடிக்கிறவன்தான் ஜெயிப்பான். 200 பீஸ ஒழுங்கா பாக்க மூணு நாலு மணி நேரம் ஆகும், நாப்பது நிமிஷத்துல முடிச்சுட்டு ஆபீஸ் போகணும்னா அது செக்கிங் இல்ல, நலம் விசாரிப்பு.

சரி, இப்ப கலர். இதுலதான் நானே வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு கருப்பு டீசர்ட் ஆர்டர், 1,200 பீஸ், பையர் லண்டன்ல. வீடியோல எல்லா பெட்டியும் காட்டுனேன், எல்லாம் ஒரே கருப்பு, அவரும் ஓகே சொல்லிட்டாரு, எனக்கும் ஒண்ணும் தோணல. சரக்கு போய் சேர்ந்து அவரு கடையில ரெண்டு பெட்டிய பக்கத்துல பக்கத்துல அடுக்குனா ஒண்ணு நீலம் அடிக்குது, இன்னொண்ணு செவப்பு அடிக்குது. ரெண்டு டையிங் லாட், அதாவது தனித்தனியா சாயம் போட்ட துணி, கலந்து போச்சு. ஏன் தெரியலன்னா, போன் கேமரா ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலர அதுவே சரி பண்ணிக்கும், நம்மகிட்ட கேக்காது. அதுமேல நாங்க காட்டுனது சாயங்காலம் ஆறரை மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்துல. ரெண்டு லாட்டு பீஸையும் ஒரே ஃபிரேம்ல பக்கத்துல வச்சு காட்டியிருந்தாலாவது ஏதோ புரிஞ்சிருக்கும், நான் ஒவ்வொரு பெட்டியா தனித்தனியா காட்டுனேன். முட்டாள்தனம்.

அதனால கலர வீடியோல பாஸ் பண்ணவே பண்ணாதீங்க. டையிங் பட்டறைலயும் பெரிய கம்பெனி லேப்லயும் ஸ்பெக்ட்ரோ மிஷின் இருக்கும், அது நீங்க ஓகே பண்ண கலர் சாம்பிளுக்கும் ஓடின லாட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு டெல்டா ஈ-ன்னு ஒரு நம்பர் குடுக்கும். பெரும்பாலும் 1-க்குள்ள இருந்தா ஒத்துக்குவாங்க. அந்த ரீடிங்க லாட் வாரியா, ஃபைலாவே அனுப்பச் சொல்லுங்க. அதோட லாட்டுக்கு ஒரு துண்டு வெட்டி கொரியர்ல வாங்கி, உங்க வீட்டு ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்துல வச்சு பாருங்க. எந்த ஆப்பும் இந்த வேலைய உங்க கண்ணு அளவுக்கு செய்யாது.

டெக்னாலஜில மாறுன விஷயமே இதுதான்னு நான் நினைக்கிறேன். படம் தெளிவாச்சுங்கறது பெரிசு இல்ல, முன்னாடி ஆள் வந்து தொட்டுப் பாத்தத இப்ப நம்பரா அனுப்ப முடியுது. ஆனா நம்ம ஆளுங்க நம்பர விட்டுட்டு படத்துக்கு அடிச்சுக்கறாங்க. துணி கனத்தையே எடுத்துக்கங்க. 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்னு ஆர்டர். "துணி நல்லா திக்கா இருக்கா?"ன்னு கால்ல கேப்பாங்க, இந்தப் பக்கம் ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசர் துணிய கசக்கி காட்டி "செம திக்கு சார்"ம்பாரு. அதுக்கு பதிலா வட்டக் கட்டர்ல வெட்டி தராசுல வைக்கச் சொல்லுங்க. கட்டர் வெட்டுறது 100 சதுர சென்டிமீட்டர், அதனால தராசு 1.80 கிராம் காட்டுனா 180. நான் பாத்த ஒரு கால்ல 1.66ல நின்னுச்சு, அந்த மெர்ச்சண்டைசர் "ஃபேன் காத்துங்க சார்"னாரு. ஃபேன ஆஃப் பண்ணோம், 1.65. வைக்கறதுக்கு முன்னாடி தராசுல பூஜ்யம் காட்டறத பாத்துக்கங்க, மூணு நாலு ரோல்ல இருந்து வெட்டச் சொல்லுங்க.

அளவும் அதே கதைதான். டேப்ப பக்கவாட்டுல இருந்து காட்டுனா அரை சென்டிமீட்டர் தாராளமா தப்பா தெரியும். டேபிளுக்கு நேர் மேல ஸ்டாண்ட் போட்டு போன மாட்டச் சொல்லுங்க, முன்னூறு நானூறு ரூபாய்க்கு கிடைக்குது, அதக்கூட வாங்க மாட்டேங்குற கம்பெனிய என்ன சொல்ல. அயர்ன் பண்ணி சூடா வந்த பீஸ அளக்காதீங்க, பனியன் துணி ஸ்டீம்ல இழுத்த இழுப்புக்கு நிக்கும், ஆறுனா சுருங்கும்.

போட்டோ வாங்கறப்ப வாட்ஸ்அப்ல படமா அனுப்புனா அது சுருக்கி அனுப்பிடும், சின்ன ஊசி ஓட்டை அதுல மறைஞ்சே போயிடும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. போட்டோ மேல தேதி இருக்குன்னு நம்பாதீங்க, போன் தேதிய மாத்துனா அதுவும் மாறும்.

இப்ப புதுசா ஏஐ கேமரா. நிட்டிங் மிஷின்லயும் துணி செக்கிங் மிஷின்லயும் கேமரா வச்சு ஓட்டை, ஊசிக்கோடு, ஆயில் கறை எல்லாம் அதுவே புடிக்குது, ரோல்ல எத்தனாவது மீட்டர்ல குறைன்னு மேப் குடுக்குது. நல்ல சமாச்சாரம்தான், மனுசன் கண்ணு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் சொக்கும், கேமரா சொக்காது. ஆனா பிளெய்ன் துணில நல்லா வேலை செய்யறது பல கலர் நார் கலந்த மெலாஞ்ச், கோடு போட்ட துணின்னு வந்தா தடுமாறும், சும்மா சும்மா அலாரம் அடிக்கும், ஆபரேட்டர் கடுப்பாகி சென்சிட்டிவிட்டிய குறைச்சு வச்சிருவாரு. ரிப்போர்ட்ல உங்களுக்கு "பாஸ்" மட்டும்தான் தெரியும், குறைச்சது தெரியாது. கேட்டு வாங்குங்க.

டேஷ்போர்டும் அப்படித்தான். லைன் கடைசில டேப்லெட் வச்சு செக்கிங் பண்ற பொண்ணு ஒவ்வொரு குறையையும் தட்டுறாங்க, நீங்க டொரண்டோல இருந்தே பாக்கறீங்க. மூணு நாளா குறை பூஜ்யம்னு வந்தா சந்தோசப்படாதீங்க. தைக்கற எடத்துல குறை இல்லாம இருக்காது, டேப்லெட்ட யாரும் தொடலன்னு அர்த்தம். தினமும் மூணு சதவீதம் நாலு சதவீதம்னு ஏறி எறங்கி காட்டுற கம்பெனிய நான் அதிகம் நம்புவேன்.

வேற கம்பெனில ஜாப் ஒர்க்குக்கு விட்டுட்டு மெயின் கம்பெனிய காட்டறது பழைய வித்தை. வீடியோ கால வாசல் போர்டுல ஆரம்பிச்சு கட் பண்ணாம உங்க பீஸ் ஓடுற லைன் வரைக்கும் நடக்கச் சொல்லுங்க, லைவ் லொகேஷனும் போட வைங்க. குழந்தைங்க துணின்னா உடைஞ்ச ஊசித் துண்டு இருந்தா கண்டுபிடிக்கற நீடில் டிடெக்டர்ல, உலோகத் துணுக்கு வச்ச டெஸ்ட் கார்ட விட்டு அது கத்துறத காட்டச் சொல்லுங்க, பட்டன ஐரோப்பாவுக்குன்னா 90 நியூட்டன்ல 10 விநாடி இழுக்கறத மீட்டரோட காட்டச் சொல்லுங்க. இதெல்லாம் வீடியோல அருமையா தெரியற விஷயங்க, இதத்தான் யாரும் கேக்கறது இல்ல.

நேரம் பத்தியும் சொல்லணும். எண்பது சதவீதமாவது பேக் ஆகாம ஃபைனல் பாக்காதீங்க, அதே சமயம் தூத்துக்குடி துறைமுகத்துல சரக்கு சேர வேண்டிய கடைசி நேரத்துக்கு (கட்-ஆஃப்) முந்தின நாள் ராத்திரி, லாரி வாசல்ல நிக்கறப்பவும் வைக்காதீங்க. அப்ப ஃபெயில்னு சொல்ல உங்களுக்கும் மனசு வராது, எங்களுக்கும் ரீசெக் பண்ண நேரம் இருக்காது, மீதிப் பணத்த வேற அன்னைக்கே போடச் சொல்லுவாங்க. மூணு நாளாவது இடைவெளி விடுங்க. கனடாக்காரங்க காலைல எந்திரிச்சு கூப்பிட்டா இங்க இருட்டிரும், அதனால உங்களுக்கு ராத்திரி பதினொண்ணா இருந்தாலும் பரவால்லன்னு எங்க காலை நேரத்துல வைங்க, ஜன்னல் ஓரம் வெளிச்சம் இருக்கும், செக்கிங் ஆளுங்களும் அசதி இல்லாம இருப்பாங்க.

வாசனை மட்டும் இன்னும் எந்த கேமராலயும் வரல. ஈரத்தோட பேக் பண்ண பெட்டிய தெறந்தா ஒரு பூஞ்சை வாடை அடிக்கும், கறைய எடுக்க அடிச்ச கெமிக்கல் வாடை வேற. கால்ல நீங்களே நம்பர் சொல்லி எடுத்த பெட்டில இருந்து ஆறு பீஸ் எடுத்து, உங்க கண்ணு முன்னாடியே கவர்ல போட்டு ஒட்டி, கொரியர் ரசீத போட்டோ அனுப்பச் சொல்லுங்க. வந்ததும் மூணு தடவ துவைச்சு பாத்துட்டு அப்புறமா பேங்க்குக்கு போங்க.