வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய பணியிடக் காயத்தைச் சொல்ல வேண்டுமா?

முந்தைய வேலையில் அடிபட்டு, சிகிச்சை முடிந்து, இழப்பீடும் பெற்ற ஒருவர் புதிய வேலை தேடும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு தவற்றைச் செய்துவிடுகிறார். நேர்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் யாரும் கேட்காத இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். அல்லது வேலை கைநழுவிவிடும் என்ற பயத்தில், நேரடியாகக் கேட்ட இடத்தில் "அப்படி எதுவும் இல்லை" என்று எழுதிவிடுகிறார். முதலாவது வாய்ப்பைக் கெடுக்கும். இரண்டாவது, வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும். கேட்காததைச் சொல்லாமல் இருப்பதும் கேட்டதற்குப் பொய் சொல்வதும் வேறு வேறு செயல்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன், அந்த வேலை உடலிடம் என்ன கேட்கிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை விவரத்தில் "20 கிலோ தூக்க வேண்டும்" என்று இருந்தால் அது பாதித் தகவல்தான். தரையிலிருந்து இடுப்பு வரையா, தோளுக்கு மேலுள்ள தட்டு வரையா, நாளைக்குப் பத்து முறையா, இருநூறு முறையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்குத் தோள்பட்டைத் தசைநார் கிழிந்து ஆறிய பிறகு, பெட்டியை நெஞ்சு உயரம் வரை தூக்குவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை; அதே பெட்டியைத் தலைக்கு மேல் கொண்டுபோனால் ஏழாவது, எட்டாவது முறையிலேயே கை நடுங்கத் தொடங்கும். மருத்துவமனை அறையில் ஒரே ஒரு முறை கையைத் தூக்கிக் காட்டியபோது இது யாருக்கும் தெரியவில்லை. ஆகவே வேலை விவரத்தை அச்சிட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வெறுமனே "உடற்தகுதி உள்ளது" என்று எழுதிய சான்றைவிட, எத்தனை கிலோ, எந்த உயரம் வரை, எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்ட சான்று பல மடங்கு பயன்படும்.

தற்குறிப்பிலும் விண்ணப்பக் கடிதத்திலும் காயத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. சிகிச்சைக்காக வேலை இல்லாமல் இருந்த மாதங்களைப் பற்றி நேர்காணலில் கேட்டால், "உடல்நலக் காரணத்தால் இடைவெளி எடுத்தேன், இப்போது வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்பது உண்மையாகவும் போதுமானதாகவும் இருக்கும். அந்த இடைவெளியை மறைக்க இல்லாத படிப்பையோ இல்லாத வேலையையோ புனைந்து எழுதாதீர்கள்.

நேர்காணலில் எதைக் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம், வேலை தருவதாக உறுதி சொல்லும் முன் பழைய காயத்தையோ இழப்பீட்டுக் கோரிக்கையையோ பற்றிக் கேட்கக் கூடாது, "இந்த எடையை உங்களால் தூக்க முடியுமா?" என்று கேட்கலாம். உறுதி சொன்ன பிறகு, அதே வகை வேலையில் சேரும் எல்லோரிடமும் கேட்பதாக இருந்தால், மருத்துவக் கேள்விகள் கேட்கலாம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 60-ஆவது பிரிவும், சில விதிவிலக்குகளோடு, ஏறத்தாழ இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; நேர்காணல் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை யோசிக்க முடியாது. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டாலும் சண்டைக்குப் போகாமல், "இந்த வேலையின் பணிகளை என்னால் செய்ய முடியும்" என்று பேச்சை வேலைக்கே திருப்பலாம், அது உண்மையாக இருக்கும் வரை.

வேலை உறுதியான பிறகு கைக்கு வரும் மருத்துவப் படிவம்தான் உண்மையான சோதனை. அதை அவசரமாக நிரப்பாதீர்கள். "தற்போது ஏதேனும் சிகிச்சை பெறுகிறீர்களா?" என்பதும் "கடந்த ஐந்து ஆண்டுகளில்" என்பதும் "எப்போதாவது" என்பதும் மூன்று தனித்தனிக் கேள்விகள். கேட்ட அளவுக்கு, கேட்ட காலத்துக்கு மட்டும் விடை எழுதுங்கள். ஆனால் அந்த அளவுக்குள் எதையும் விட்டுவிடாதீர்கள். ஒப்பமிட்ட படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பொய் எழுதுவதன் விலை மிகப் பெரியது. பழைய இடத்திலேயே மறுபடி அடிபட்டால், பழைய மருத்துவப் பதிவுகளைத்தான் காப்பீட்டுத் தரப்பு முதலில் தேடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், வேலை தருபவர் எழுத்து மூலம் முறைப்படி கேட்டும் ஒருவர் தெரிந்தே தவறான தகவல் தந்திருந்தால், அந்தப் பழைய காயம் மோசமாவதற்கு அவர் இழப்பீடு பெற முடியாது. அமெரிக்காவின் சில மாநிலங்களிலும், தெரிந்தே சொன்ன பொய்க்கும் புதிய காயத்துக்கும் தொடர்பு இருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். வேலையும் போய், சிகிச்சைச் செலவும் தம் தலையிலேயே விழும் நிலைக்கு ஒரு குடும்பம் ஆளாவதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

யாரும் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டிய இரண்டு நிலைகள் உண்டு. காயத்தின் மிச்சத்தால் பிறருக்கு ஆபத்து வரக்கூடும் என்றால், உதாரணமாக, தலையில் அடிபட்ட பின் மயக்கம் வரும் ஒருவர் கிரேன் இயக்கவோ பேருந்து ஓட்டவோ போகிறார் என்றால், மௌனத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது, உயரம் மாற்றக்கூடிய மேசை, தள்ளுவண்டி, இடையிடையே உட்கார அனுமதி போன்ற ஏற்பாடு தேவைப்படும் நிலை. வேலை உறுதியானதும், சேரும் நாளுக்கு முன், இதைக் கேட்பதே நல்லது. "தோளுக்கு மேலான உயரத்தில் தொடர்ந்து எடை தூக்குவதைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஒரு சிறிய ஏணிப்படி இருந்தால் இந்த வேலை முழுவதையும் என்னால் செய்ய முடியும்" என்று தடையையும் தீர்வையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். விபத்து எப்படி நடந்தது, பழைய முதலாளி எப்படி நடந்துகொண்டார், எவ்வளவு இழப்பீடு வந்தது என்பவை அந்த உரையாடலுக்குத் தேவையில்லை. மனிதவளத் துறைக்கோ நிறுவன மருத்துவருக்கோ எழுத்தில் அனுப்புங்கள்; மேற்பார்வையாளரிடம் நடைபாதையில் வாய்மொழியாகச் சொன்னதற்குப் பதிவு இருக்காது.

சொன்ன பிறகு வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள். இத்தகைய புகார்களுக்குக் காலக்கெடு குறுகியது. அமெரிக்காவில் அது பொதுவாக 180 நாட்கள், பல மாநிலங்களில் 300 நாட்கள். ஆகவே அடுத்த வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், அந்த வாரமே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைச் சந்தித்து, படிவத்தின் நகலையும் மருத்துவர் சான்றையும் காட்டுங்கள்.