தொண்டு நிறுவன வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்றில் களப்பணியாளனாக இருந்தேன். இந்த வேலைக்கு வரலாமா என்று இளைஞர்கள் கேட்டால், வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நாங்கள் செய்த தவறுகளைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

நம்மிடம் இருப்பதைக் கொண்டுபோய்க் கொட்டுவது முதல் தவறு. லாரி லாரியாக வந்த பழைய துணிகள் நாகை சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. கடலில் உழைத்துச் சம்பாதித்த மக்கள், யாரோ உடுத்திக் களைந்ததைத் தொடவில்லை. வலையும் சமையல் பாத்திரமும் கேட்டவர்களுக்குக் கிழிந்த சட்டை போனது. பிறகு படகு வாங்கித் தருவதில் நிறுவனங்களுக்குள் போட்டி வந்தது. சில ஊர்களில் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன.

ஊர்ப் பஞ்சாயத்திடம் மட்டும் பேசிவிட்டு, உதவி பெறுவோர் பட்டியலை முடிப்பது இன்னொரு தவறு. மீனவப் பஞ்சாயத்தார் இல்லாமல் அங்கே எதையும் ஒழுங்காகப் பங்கிட முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் பல ஊர்களில் ஊருக்கு வரி கொடுக்கும் ஆண்களை வைத்தே தலைக்கட்டு, அதாவது குடும்பக் கணக்கு, எண்ணுவார்கள். கணவனை இழந்தவள் அந்தக் கணக்கில் தவறிப்போவாள். உப்பு ஏறிய வயலில் கூலி வேலை இழந்த தலித் குடும்பங்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது. தெருக் கோடி வரை நடந்துபோய்க் கேட்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை இன்றும் உறுத்துவது நான் கொடுத்த ஒரு வாக்கு. தார் பூசிய தகடுகளால் கட்டிய தற்காலிகக் குடியிருப்பில், சித்திரை வெயிலில், மீன் விற்கும் ஓர் அக்காவிடம் அடுத்த மாதம் தொழிலுக்கு முன்பணம் வந்துவிடும் என்று சொன்னேன். தலைமை அலுவலகம் திட்டத்தை மாற்றிவிட்டது. இன்று நாளை என்று மூன்று மாதம் இழுத்தேன். கடைசியில் உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "தம்பி, இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வட்டிக்கு வாங்கியாவது கூடையைத் தூக்கியிருப்பேனே" என்றார். அந்த மூன்று மாத வருமானத்தை அவரிடமிருந்து பறித்தது என் நல்லெண்ணம்தான். பணம் ஊருக்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

அழும் குழந்தையை அறிக்கைக்காகப் படம் எடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

சேவைதானே என்று கூச்சப்பட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் தவறு. வேலை எத்தனை மாதம், வருங்கால வைப்பு நிதி உண்டா, இரவுப் பயணத்துக்குக் காப்பீடு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020 சட்டத் திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. சிறிய நிறுவனங்கள் அதில் திணறுகின்றன. திட்டம் முடிந்ததும் வேலையும் முடிகிறது. ரசீதும் அறிக்கையும் எழுதியே பாதி நாள் போகும். எரிச்சல் வரும்தான். ஆனால் அது பிறர் கொடுத்த பணம், கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. தினமும் சாவைப் பற்றிக் கேட்டுவிட்டு ஓய்வே எடுக்காமல் இருப்பதும் வீரம் அல்ல. தூக்கம் கெட்டால் விடுப்புக் கேளுங்கள்.

பிறகு ஏன் வாருங்கள் என்கிறேன்? நிவாரணப் பணிக்கான சர்வதேசத் தரநிலையான ஸ்ஃபியர் வரையறை, 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. எங்கள் குடியிருப்பில் அந்த எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. காரணம் கேட்க எங்களுக்கு இரண்டு மாதம் தோன்றவில்லை. கேட்டபோது சொன்னார்கள்: உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வழியில் விளக்கு இல்லை. இரண்டே நாளில் இரண்டையும் போட்டோம். அன்று இரவு எட்டு மணிக்கு ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நடந்து போனதைத் தள்ளி நின்று பார்த்தேன்.