இரண்டு இண்டி ராக் (சினிமாவையும் பெரிய நிறுவனங்களையும் சாராத ராக் இசை) பாடலாசிரியர்களை ஒப்பிடுவது எப்படி?

ஆளுக்கு மூன்று பாட்டு போதும். முதலில் எழுதியவர் யார் என்று பாருங்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போல, கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து பலர் பாடும் குழுவில், பாடுபவரே எழுதியவர் என்று நினைத்துவிட வேண்டாம்.

வரிகளை இணையத்திலிருந்து எடுக்காமல், வேகத்தை 0.75க்குக் குறைத்து, காதால் கேட்டு எழுதுங்கள். பாடகர் மூச்சு விடும் இடத்தில் அடியை முறியுங்கள். வாக்கியம் முடியும் இடத்தில் முறித்தால் எல்லோருமே ஒரே மாதிரி எழுதுவது போலத் தெரியும்.

பிறகு அடியின் கடைசிச் சொல்லை வட்டமிடுங்கள். ஒப்பீட்டில் பாதி வேலை இதுதான். தமிழில் வினை கடைசியில் வருவதால் இயைபு, அதாவது அடிகளின் முடிவு ஒத்து ஒலிப்பது, சும்மா கிடைக்கும்: 'ரயிலு போகுது / ஊரு தூங்குது'. இதைத் திறமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'அடையாறு தாண்டல / கடைசி பஸ்சு போயிடுச்சு' என்றால் அடை, கடை என்று எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது) விழுந்திருக்கிறது. அது தேடி வைத்தது. எதுகையையும் இயைபையும் தனித்தனியே எண்ணுங்கள்.

அடுத்து, நீளும் சுரத்தில் என்ன எழுத்து நிற்கிறது? எழுத்து ஒலிக்கும் நேர அளவு மாத்திரை: நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. 'தூங்குது' என்பதன் கடைசி 'து' குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்), அதற்கும் அரைதான். அதை நான்கு தட்டுக்கு இழுத்தால் 'தூ' என்று காறித் துப்புவது போல ஆகிவிடும். காது உள்ளவர் அங்கே 'வந்தேன்' போன்ற சொல்லை வைப்பார்: பேச்சில் 'ன்' மூக்கொலியாகக் கரைவதால், ஏகாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். மெட்டு முதலில் வந்ததா, வரி முதலில் வந்ததா என்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

'நாம', 'நாங்க' இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் கோடு போடுங்கள். சரணத்தில் 'நாங்க' என்று கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டு, பல்லவியில் 'நாம' என்று உள்ளே இழுப்பது ஒருவகை எழுத்து. கடைசிவரை 'நாங்க' என்றே நிற்பது வேறுவகை. தி எஃப்16ஸ், ஸ்க்ராட் போல ஆங்கிலத்தில் பாடும் சென்னைக் குழுக்களை ஒப்பிட்டால் இந்தக் கோடு உதவாது, அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அங்கே 'நீ' யார் என்று மட்டும் பாருங்கள்: காதலியா, ஊரா, கண்ணாடியில் தெரிபவரா?

கருப்பொருளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தனிமையைப் பாடுகிறார்கள் என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. எந்த இண்டி பாடகர்தான் பாடவில்லை?

முடிந்ததும் பெயர்களை மறைத்து, ஒவ்வொரு பாட்டிலிருந்தும் நான்கு அடியை ஒரு நண்பரிடம் கொடுங்கள். உங்கள் குறிப்பை வைத்து அவரால் இரு கட்டாகப் பிரிக்க முடியவில்லை என்றால், ஆளுக்கு இன்னும் இரண்டு பாட்டு சேர்க்க வேண்டும்.