தேசியப் பூங்கா மலையேற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசியப் பூங்காவுக்குள் நடக்கச் செல்பவர்கள் செய்யும் தவறுகளில் பல, போகும் வழியை மட்டும் கணக்கில் கொண்டு திரும்பும் வழியை மறந்துவிடுவதில் தொடங்குகின்றன. உச்சியைத் தொட்டதும் பயணம் முடிந்துவிட்டதாகவே மனம் நினைத்துக்கொள்கிறது. மீதிப் பாதியைத் தளர்ந்த முழங்கால்களோடும் மங்கிவரும் வெளிச்சத்தோடும் கடந்தாக வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணிப்பது முதல் தவறு. சமதரையில் பத்து கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் நடப்பவர் மலைப்பாதைக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறார். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த எளிய விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால், எங்கும் உட்காராமல் நடந்தாலும் மூன்றரை மணி நேரம் ஆகும். இதுவும் நடந்து பழகியவர்களுக்கான கணக்குதான். குழந்தைகள் உடன் வந்தால் தாராளமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கே நின்றாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. உச்சி கண்ணெதிரே தெரியும்போது அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது.

பள்ளத்தாக்குப் பாதைகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் காலைக் குளிரில் சிரமமின்றி இறங்கிவிடலாம். ஏற்றம் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். இறங்க ஆன நேரத்தைப் போல் இருமடங்கை ஏறுவதற்கு ஒதுக்குமாறு அந்தப் பூங்கா நிர்வாகமே அறிவுறுத்துகிறது. வெயிலில் மணிக்கணக்கில் நடப்பவர்கள் உப்புள்ள எதையும் தின்னாமல் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே, ஏனெனில் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் ஏற்படலாம்.

குளிரைப் பற்றிய தவறு இதற்கு நேர்மாறானது. அடிவாரத்தில் வெயில் அடிக்கிறது என்று பருத்திச் சட்டையோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வியர்வையில் ஊறிய பருத்தித் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டு, காற்று வீசும் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. பத்து டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும். இடி கேட்டால் திறந்த முகட்டிலிருந்து உடனே இறங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழியும்வரை மேலே செல்லக் கூடாது.

கைபேசி இருக்கிறதே என்ற துணிச்சலையும் இங்கே சொல்ல வேண்டும். செயற்கைக்கோள்களிலிருந்து குறிப்புகளைப் பெறும் ஜிபிஎஸ், கைபேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்யாதவருக்குத் திரையில் வெறும் நீலப்புள்ளி மட்டுமே தெரியும். சிக்னலைத் தேடித்தேடியே பேட்டரியும் தீர்ந்துவிடும். வழி தவறியது தெரிந்த பிறகும் பதற்றத்தில் வேகமாக நடந்துகொண்டே இருப்பவர்கள் தேடுபவர்களிடமிருந்து மேலும் விலகிப் போகிறார்கள்; நின்ற இடத்திலேயே இருந்து நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் பழைய முறை.

விலங்குகளின் விஷயத்தில் நல்லெண்ணமே தீங்காக முடிவதுண்டு. 2016-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு வந்தவர்கள், குளிரில் வாடுவதாக எண்ணி ஒரு காட்டெருமைக் கன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அதைக் கூட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. மனிதர்களையும் வாகனங்களையுமே அது நாடி வந்ததால் கடைசியில் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. அந்தப் பூங்காவில் கரடி, ஓநாய் போன்றவற்றிடமிருந்து 91 மீட்டரும் பிற பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. செல்ஃபிக்காக இந்த இடைவெளியைக் குறைப்பவர்களுக்குக் காட்டெருமை மனிதனைவிட வேகமாக ஓடும் என்பது தெரிவதில்லை.

பழத்தோல் மட்கிவிடும் என்று வாதிடுபவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அது மட்குவதற்கு முன்பே அதன் வாசனை விலங்குகளைப் பாதைக்கு இழுத்துவிடும் என்பதே அவருக்குச் சொல்ல வேண்டிய பதில். கழிப்பிடம் இல்லாத இடங்களில் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். வளைந்து செல்லும் பாதையின் இரு மடிப்புகளுக்கு நடுவே குறுக்காக இறங்குவது சிறிய குற்றமாகத் தோன்றலாம். பலர் மிதித்துப் புல் அழிந்த அந்தச் சரிவில் மழைநீர் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடி, கீழே உள்ள பாதையையே அரித்துவிடும்.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்பவர்கள்கூட, பத்திரமாக இறங்கிவிட்டதைத் தெரிவிக்க மறந்துவிடுகிறார்கள். அவர்கள் அறையில் கால்நீட்டி உறங்கிக்கொண்டிருக்க, மேலே ஒரு மீட்புக் குழு டார்ச்சோடு அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும்.