நெஞ்சில் பேஸ்மேக்கருடன் வீடு திரும்பியவர்களுக்கு

எனக்குப் பேஸ்மேக்கர் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் மேல் என் மனைவி ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டார். யாரும் அதைத் தொடக்கூடாது என்று பேரப்பிள்ளைகளுக்கும் கட்டளை போனது. அதே வாரத்தில், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நான் இரண்டு நாள் விழுங்க மறந்துவிட்டேன். அதை வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. மைக்ரோவேவால் எனக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை. மறந்துபோன மாத்திரையால்தான் ஆபத்து இருந்தது. அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அஞ்சும் இந்தப் பழக்கத்தைப் பல வீடுகளில் கண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். இதயத்தின் மேலறையில் உள்ள சைனஸ் கணு துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. அந்த மின்சைகை நடுவிலுள்ள ஏவி கணுவைக் கடந்து கீழறைகளுக்கு இறங்குகிறது. தொடக்கமோ பாதையோ பழுதடைந்து துடிப்பு மிக மெதுவாகும்போது, பேஸ்மேக்கர் அதைக் கண்டுணர்ந்து ஒரு சிறு மின்தூண்டலை அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. என்னைப் போன்ற சிலருக்கு இதயம் ஒரு நேரம் தாறுமாறாக விரைந்தோடும், இன்னொரு நேரம் நின்றுவிடுவதுபோல் தயங்கும். விரைவைக் குறைக்க மாத்திரை கொடுத்தால் தயக்கம் மோசமாகும் என்பதால், முதலில் பேஸ்மேக்கரை வைத்துத் தயக்கத்துக்குக் காவல் போட்டுவிட்டு, அதன்பின் துணிந்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆகவே கருவி வைத்த பிறகு மாத்திரை குறையவில்லையே, கூடிவிட்டதே என்று மனம் சோர வேண்டாம். பல நேரங்களில் திட்டமே அதுதான். மேலறை நடுக்கம் எனப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு, கருவி வந்த பிறகும் அந்த நடுக்கமும், அதனால் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரும் அபாயமும் அப்படியே இருக்கும். உங்களுடையது வெறும் பேஸ்மேக்கரா, ஆபத்தான வேகத் துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐசிடி கருவியா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விதிகள் வேறு.

முதல் ஆறு வாரங்களில், கருவியிலிருந்து இதயத்துக்குள் செல்லும் கம்பி இதயச் சுவரில் பிடித்து நிலைகொள்ள வேண்டும். அதுவரை கருவி இருக்கும் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள்; பத்து கிலோ அரிசிப்பையை அந்தக் கையால் இழுக்காதீர்கள். ஆனால் கையை உடலோடு ஒட்டிக் கட்டிப்போட்டதுபோல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். தோளுக்குக் கீழே மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம். சிவப்பு, வீக்கம், சூடு, கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் கருவியைப் பொருத்திய மருத்துவமனைக்கே செல்லுங்கள். விடாத விக்கல் வந்தாலோ, மூச்சு வாங்கும் தசை துடிதுடித்துக்கொண்டே இருந்தாலோ, கம்பி நகர்ந்திருக்கலாம் என்பதால் அதையும் சொல்லுங்கள். நம் நாட்டுக் காரில் முன்னிருக்கைப் பயணியின் இருக்கைவார் இடது தோளின் மேல்தான் வரும். கருவியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வார் உறுத்தினால் அதற்கும் தோளுக்கும் இடையில் மெத்தென்ற துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், வாரைக் கழற்றி விடாதீர்கள்.

நாடி பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின், பெருவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று கருவியில் அமைக்கும் கீழ்வரம்பை 60 என்று வைத்திருக்கும்போது நீங்கள் எண்ணியது 48 என்று வந்தால் கருவி பழுதாகிவிட்டது என்று பதறத் தோன்றும். இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் வலுவில்லாமல் இருந்தால் மணிக்கட்டு வரை எட்டாமலே போகலாம். கருவி அவற்றையும் துடிப்பாகவே கணக்கில் கொள்ளும், உங்கள் விரலுக்குத்தான் அவை தெரிவதில்லை. சிலருக்கு இரவில் உறங்கும் நேரத்துக்கென்று கீழ்வரம்பைக் குறைத்தும் வைத்திருப்பார்கள். தலைசுற்றலோ மயக்கமோ இல்லாவிட்டால் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளினிக்கை அழைத்துக் கேளுங்கள். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் ஒழுங்கற்ற துடிப்பில் தடுமாறும் என்பதால், மூன்று முறை பார்த்துச் சராசரியை எழுதுங்கள்.

இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் எண் பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். முருங்கைக்கீரை, பாயாம், கங்கோங் போன்ற கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே ஒதுக்கிவிடுவது தவறு. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக் கொடுப்பார்கள். நான்கு வாரம் தொடாமல் இருந்துவிட்டு புரட்டாசி விரதத்தில் தினமும் கீரை என்று மாறும்போதுதான் எண் குலையும். அபிக்சபான், டபிகட்ரான் போன்ற மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் அவற்றின் வேலை விரைவில் குறைந்துவிடுவதால் ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு குறையும். தவறியதை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. முட்டிவலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளும், ஜின்செங், ஜிங்கோ கலந்த கடை மருந்துகளும், பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் நாட்டு மருந்துகளும் இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாதவை. பல் பிடுங்கப் போனால் கருவி இருப்பதையும் இந்த மாத்திரை எடுப்பதையும் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நாமாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவது கூடாது.

மின்சாதனங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மைக்ரோவேவ், தொலைக்காட்சி, அரவை இயந்திரம் ஆகியவற்றை வழக்கம்போல் பயன்படுத்தலாம். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, மறுபக்கக் காதில் பேசுங்கள். காந்தம் உள்ள கைப்பேசி உறைக்கும் காதொலிப்பான் பெட்டிக்கும் இதே விதிதான். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் விலகி நில்லுங்கள். விமான நிலையத்தில் கருவியின் விவரம் உள்ள அட்டையைக் காட்டிவிட்டு, சோதனை வாயிலில் நிற்காமல் நடந்து கடந்துவிடுங்கள். வெல்டிங் வேலை செய்பவர்களும் லாரி, பேருந்து ஓட்டுபவர்களும் மருத்துவரிடம் எழுத்து மூலமான கருத்தைப் பெறாமல் வேலைக்குத் திரும்பக் கூடாது. எம்ஆர்ஐ எடுக்கும் முன் கருவியும் கம்பியும் அதற்கு ஏற்றவைதானா என்று அந்த அட்டையை வைத்துத்தான் உறுதிசெய்வார்கள்.

தைப்பூசம் வந்தால் கேள்விகள் குவியும். பத்துமலையின் 272 படிகளை ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு, மருத்துவர் அனுமதித்திருந்தால் நின்று நின்று ஏறுங்கள் என்பதே என் பதில். பல பேஸ்மேக்கர்களில் உடலின் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் சென்சார் உண்டு. அது உழைப்பை அளப்பதில்லை, குலுக்கலைத்தான் அளக்கிறது. ஆகவே படியேறும்போது போதாமலும், தடதடவென்று இறங்கும்போது தேவைக்கு மேலாகவும் துடிப்பைக் கூட்டக்கூடும். ஏறுகையில் மூச்சு முட்டி, இறங்குகையில் படபடத்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அமைப்பை மாற்றித் தருவார்கள். பினாங்கு தண்ணீர்மலைக்கும் இது பொருந்தும். பால்குடத்தைத் தலையில் ஏந்துவதற்குக் கை தோளுக்கு மேல் போக வேண்டியிருப்பதால் முதல் ஆறு வாரங்களில் கூடாது. தோளில் பாரம் இறக்கும் காவடி கருவியின் மேலேயே அழுத்தும். அலகு குத்துவதை நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன்: இரத்தப்போக்கு ஒரு பக்கம் இருக்க, தோல் வழியே நுழையும் கிருமி இரத்தத்தில் கலந்து கம்பியில் படிந்துவிட்டால், கருவி முழுவதையும் கழற்றி எடுக்கும் நிலை வரும். தண்ணீர்ப் பந்தலில் இளைப்பாறும்போது பெரிய ஒலிபெருக்கியின் மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொள்ளாதீர்கள். அதனுள் இருப்பது பலமான காந்தம்.

கிளினிக்கில் கருவியைச் சோதிக்கும் நாளில், பேட்டரி எவ்வளவு காலம் வரும், மேலறை நடுக்கம் பதிவாகியிருக்கிறதா, கீழறையைக் கருவி எத்தனை விழுக்காடு தூண்டுகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. வலக் கீழறையை இடைவிடாமல் தூண்ட வேண்டியிருப்பவர்களில் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல இதயத் தசை தளரலாம். முன்பு நடந்த தூரத்துக்கு இப்போது மூச்சு வாங்குவதும், மாலையில் காலில் வீக்கம் காண்பதும் அதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும், அவற்றை வயதின் தலையில் போட்டுவிடாதீர்கள். பேட்டரி தீரும்போது அதை மட்டும் மாற்ற முடியாது, கருவிப் பெட்டியையே மாற்றுவார்கள். கம்பி நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வார்கள்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். சோடா குடித்துப் பார்க்கலாம் என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. ஐசிடி கருவி ஒரே ஒரு அதிர்ச்சி கொடுத்து, நீங்கள் நன்றாகவே இருந்தால் கிளினிக்கை அழைக்கலாம். அடுத்தடுத்து வந்தால் ஆம்புலன்ஸ்தான்.

கடைசியாக, நம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒன்று இருக்கிறது. உடலை எரியூட்டுவதென்றால் அதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் பேட்டரி வெடிக்கக்கூடும். மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே கேட்டு எடுக்கச் சொல்லலாம். வீட்டில் இறந்தால் மரணத்தை உறுதிசெய்ய வரும் மருத்துவரிடமும் இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளரிடமும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். துக்க வீட்டின் குழப்பத்தில் இது யாருக்கும் நினைவு வராது என்பதால், என் மூத்த மகனைத் தனியே உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்கிறேன். கருவியின் அட்டை சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில், என் அடையாள அட்டையின் நகலோடு இருக்கிறது என்பதும், அதன் படம் அவன் கைப்பேசியில் இருக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.